எல்லாப் புத்தகத்திலும் முதல் பாடம்

என் அக்கா வீட்டுக்காரருக்கு எங்கள் குடோனில் ‘ஒன்றாம் பாடம்’ என்று பெயர். வைத்தது நான்தான். அத்தான் அங்கே சரக்குக் கணக்கு எழுதுகிறவர், நான் எடை போடுகிறவன். பக்கத்து மேசை என்பதால் அவர் அடித்த கூத்தையெல்லாம் டிக்கெட் எடுக்காமல் பார்த்திருக்கிறேன்.

இங்கிலீஷ் கற்றுக்கொள்ள மனிதர் வாங்காத புத்தகம் கிடையாது. தலையணை மாதிரி அகராதிகள், இலக்கண விளக்கம், உரையாடல் கையேடு, தபால் வழிப் பாடம், அப்புறம் போனில் ஒரு ஆப். புத்தகத்துக்குப் பளபளவென்று பிளாஸ்டிக் அட்டை போட்டு, முதல் பாடத்தைப் பயபக்தியோடு படிப்பார். இரண்டாம் பாடத்தில் வினைச்சொல் வந்து மிரட்டியதும், “இந்த ஆளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியல” என்று தீர்ப்பு வழங்கிவிட்டு அடுத்த புத்தகம் வாங்கக் கிளம்பிவிடுவார். எந்தப் புத்தகத்திலும் முதல் பாடம் ஒன்றுதான்: உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள். அதில் மட்டும் அத்தான் புலி.

வீட்டில் இருந்தது ஒரே அறை. அதில் புத்தகங்கள் குடியிருந்தன. பரீட்சைக்குப் படிக்கும் மகள் சமையல்கட்டில், குக்கர் விசிலுக்கு நடுவே மடக்கு மேசை போட்டுப் படித்தாள்.

அப்போதுதான் சூப்பர்வைசர் இடம் காலியானது. தலைமை அலுவலகத்தோடு இங்கிலீஷில் பேசத் தெரிய வேண்டும். கிடைத்தால் மூன்று அறை வைத்த கம்பெனி வீடு.

“இதுக்குத்தானே இத்தனை வருஷமா தயாராகிட்டிருக்கேன்” என்று அத்தான் மீசையைத் தடவினார். அக்கா பாவம், நம்பிவிட்டாள். பாத்திரம் பண்டம் கட்ட அட்டைப்பெட்டிகள் சேர்க்க ஆரம்பித்தாள்.

இன்டர்வியூ எங்கள் ஆபீசிலேயே, ஒரு பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நடந்தது. எனக்கு எல்லாம் கேட்டது. அத்தான் தன் பெயர், படிப்பு, குடும்பம், பொழுதுபோக்கு, தான் ஒரு கடும் உழைப்பாளி என்பதுவரை இங்கிலீஷில் பொழிந்து தள்ளினார். தலைமை அலுவலகத்து அம்மா அசந்துபோய் “வெரி குட்” என்றார். சனியன், நான்கூட ஒரு நிமிஷம் பெருமைப்பட்டுவிட்டேன்.

அடுத்து அந்த அம்மா, போன மழையில் சர்க்கரை மூட்டைகள் எப்படி நனைந்தன என்று இங்கிலீஷில் கேட்டார். அத்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் தன் பெயரிலிருந்து ஆரம்பித்தார்.

“பரவாயில்ல சார், தமிழ்லயே சொல்லுங்க.”

அத்தான் தமிழிலும் தன் பெயரிலிருந்தே ஆரம்பித்தார். வேறென்ன சொல்வார்? கூரை ஒழுகிய அன்று, புத்தகத்தில் ஒரு சொட்டு விழுந்ததும் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டு மேலே படித்த மகான் அவர். நாங்கள் தார்ப்பாயை இழுத்து மூடுவதற்குள் பாதி மூட்டைகள் போய்விட்டன. எந்தத் தகரம் ஓட்டை, எத்தனை மூட்டை பாழ், எதுவும் அவருக்குத் தெரியாது. எந்த பாஷையிலும் தெரியாது.

வேலை வேறொருவருக்குப் போனது.

“வேணும்னே அவமானப்படுத்திட்டாங்க. என்னைப் போய்த் தமிழ்ல பேசச் சொல்றாங்க!” என்று வீட்டில் வந்து அக்காவிடம் பொருமினார். கூடப் போயிருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாற்காலி விஷயத்தை அங்கேயே போட்டு உடைத்தேன்.

அக்கா சேர்த்து வைத்திருந்த அட்டைப்பெட்டிகளைக் கொண்டுவந்து அகராதிகளை அடுக்கத் தொடங்கினாள். மகள் மடக்கு மேசையைத் தூக்கிக்கொண்டு அறை வாசலில் வந்து நின்றாள்.

“அதுல பாதி இன்னும் படிக்கவே இல்லடி” என்றார் அத்தான், அறை நடுவில் உட்கார்ந்தபடியே.

“நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கோங்க” என்றாள் அக்கா. “அதுதான் உங்களுக்கு நல்லா வருமே.”