அண்ணனின் எச்சில்

கீழ்வேளூர் பக்கம் குத்தகைக்கு நெல் பயிரிட்டுக்கொண்டிருந்த என் அண்ணனுக்கு நாக்கின் அடியில் புற்றுநோய் வந்தது. கதிர்வீச்சு கொடுத்தால் எச்சில் சுரப்பது நின்றுபோகலாம் என்று டாக்டர் முன்பே சொல்லிவிட்டார். நான் தஞ்சாவூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறேன். எச்சிலும், எச்சில் சுரக்காதவர்களுக்காகத் தயாரிக்கும் செயற்கை உமிழ்நீரும் எவ்வளவு கொழகொழப்பு என்று அளப்பதுதான் என் வேலை.

எச்சில் சுரக்கும்போதே அளந்து வைத்துக்கொள்ள, சிகிச்சைக்கு முன்பே அண்ணனை அங்கே வரச் சொன்னேன். எச்சிலை அளப்பது லேசில்லை. எடுத்து வைத்துவிட்டுக் காத்திருந்தால் தானே நீர்த்துப்போகும். உடம்புச் சூட்டில் ஓர் அளவு, ஆறினால் வேறு அளவு. பாலில் படிவதுபோல மேலே படியும் மெல்லிய ஆடைகூடக் கருவியை ஏமாற்றிவிடும். அதனால் அவர் குப்பியில் துப்பியதுமே வாங்கிக்கொண்டு ஓடினேன். தங்கை முன்னால் துப்ப அவருக்குக் கூச்சம். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அளவு மாறாமல் வரும்வரை மறுபடி மறுபடி கேட்டேன். அலுத்துக்கொள்ளாமல் கொடுத்தார்.

சிகிச்சை முடிந்து ஊர் திரும்பியவரால் சோற்றை விழுங்க முடியவில்லை. பேசினால் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கடையில் வாங்கிய செயற்கை உமிழ்நீர் வாயில் பசை மாதிரி நிற்கிறதாம். அண்ணி போனில் சொல்லி அழுதார். அதை வாங்கி அளந்தேன். அசையாமல் இருக்கும்போது அண்ணனின் எச்சிலைப் போலத்தான் இருந்தது. ஆனால் எச்சில், நாக்கு அசைய அசைய இளகிக்கொடுக்கும். இது இளகவில்லை. நாங்கள் அளந்திருந்தவற்றில் அவருடைய எச்சிலுக்கு மிக அருகில் இருந்த ஒன்றை, டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, ஊருக்கு எடுத்துப் போனேன்.

வாயில் தெளித்துக்கொண்டு கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தார். அண்ணி குழையப் பிசைந்த தயிர்சாதத்தில் ஒரு வாய் எடுத்துக் கொடுத்தார்.

"எறங்குதும்மா," என்றார் அண்ணன் என்னிடம். "ருசிதான் ஒண்ணும் தெரியல."

நான் அளந்ததில் ருசி இல்லை.

இன்னும் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டை நகர்த்தினார். பிறகு அண்ணியைப் பார்த்து, "வாய் காயறதுக்குள்ள சொல்லிடறேன். இந்த அறுப்பு முடிஞ்சதும் குத்தகைய விட்டுடு. எனக்கப்பறம் நீ தனியா வயல்ல நின்னு மல்லாட வேணாம்," என்றார். அத்தனை மாதங்களில் அவர் தடங்கலில்லாமல் பேசியது அதுதான். அண்ணி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

நோய் அதற்குள் நுரையீரலுக்குப் போயிருந்தது. கதிர் முற்றும் முன்பே அண்ணன் போய்விட்டார். வாய்க்கரிசி போட என் முறை வந்தபோது, வெடித்துக் கிடந்த உதட்டை ஈரத்துணியால் துடைத்தேன். இனி எதற்கு என்று பெரியவர் ஒருவர் தடுத்தார். நான் துடைத்துவிட்டுத்தான் அரிசியைப் போட்டேன்.

அறுப்பு முடிந்ததும் அண்ணி குத்தகையை விட்டுவிட்டு மயிலாடுதுறையில் மகள் வீட்டுக்குப் போனார். வாரம் தவறாமல் போனில் பேசுகிறோம். சாப்பிட்டாயா என்று மட்டும் இருவரும் கேட்டுக்கொள்வதில்லை.