கஸ்தூரி சொன்ன நம்பர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். அதுவும் பாதி தெலுங்கில், பாதி தமிழில் படித்த படிப்பு. நடுவில் எதையாவது விட்டுவிட்டுப் போய், ஞாபகம் வந்ததும் திரும்பி வருவேன். கோபித்துக்கொள்ளாமல் கூடவே வாருங்கள்.

கொஞ்ச நாள் முன்னால் கண்ணைக் காட்டத் திருப்பதிக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மகன் "லீவு போட்டு நானே கூட்டிக்கினு போறேன்" என்பான், அந்த லீவு கடைசி வரைக்கும் வராது. தனியாகப் பஸ் ஏறினேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வழியில் ஒரு வேர்க்கடலைப் பொட்டலம் வாங்கி, யாருக்கும் பங்கு கொடுக்காமல் நானே தின்றேன். இந்த வயதில் இதெல்லாம் எவ்வளவு பெரிய சந்தோஷம் என்று உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ.

ஆஸ்பத்திரியில் சீட்டு போடுகிற பெண் ஃபோன் நம்பர் கேட்டாள். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது மகனுடைய நம்பர்தான். என் நம்பருக்கு நானே ஃபோன் செய்துகொள்வதில்லையே, அது எப்படி ஞாபகம் இருக்கும்? அவன் நம்பரைச் சொன்னேன். கண்ணில் மருந்து விட்டு, மூடிக்கொண்டு உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்து கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, மடியில் ஃபோன் அடித்தது. சத்தியவேட்டுப் பக்கம் கம்பெனியில் வேலை செய்கிற மகன்.

"யம்மா, திருப்பதில இன்னா பண்ற நீ? கண்ணு ஆஸ்பத்திரின்னு எனக்கு மெசேஜ் வருது!"

மெஷின் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. கண்ணைத் திறக்க முடியாது, ஃபோனைக் காதில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன். அந்த இருட்டில் மருந்து வாடை மட்டும் மூக்கில் ஏறியது. கொஞ்சம் பாச்சை உருண்டை மாதிரி வாடை. பாச்சை உருண்டை என்றதும் எனக்கு லைப்ரரி அலமாரிதான் ஞாபகம் வரும். லைப்ரரி என்றதும் கஸ்தூரி.

ஆந்திர எல்லையில், நகரிப் பக்கம் ஒரு கிளை நூலகத்தில் வேலை செய்தேன். பெருக்கித் துடைக்கச் சேர்ந்தவள். பிறகு பேப்பர் அடுக்கவும் அலமாரி தூசி தட்டவும் பழகி, அட்டெண்டராகி, ரிடையர் ஆகும் வரைக்கும் அங்கேயே இருந்தேன். தெருவுக்கு இரண்டு பக்கமும் பவர்லூம் ஷெட்டுகள். காலையிலிருந்து தடதடவென்று அந்தச் சத்தம். சாப்பாட்டு வேளையில் சட்டென்று நிற்கும். அப்போதுதான் நம் காது இருப்பதே நமக்குத் தெரியும்.

அந்த நேரத்தில் ஷெட்டிலிருந்து சில பெண்கள் வருவார்கள். தலைமயிரில் நூல் பஞ்சு ஒட்டியிருக்கும். முன்னால் பேப்பர் படிக்கிற ஆண்களைத் தாண்டி, தலையைக் குனிந்துகொண்டு பின் அறைக்குப் போவார்கள். அங்கே ஒரு பெஞ்சு. மெட்ராஸ் பஸ்ஸில் கட்டாக வரும் தமிழ் வாரப் பத்திரிகைகளை நான் அங்கேதான் போட்டு வைப்பேன். யாரும் பேர் கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை. சுதாகர் சார், எங்கள் லைப்ரரியன், சித்தூர்க்காரர், தலையை எண்ணிக் குறித்துக்கொள்வார், அவ்வளவுதான்.

அவர்களில் தினமும் தவறாமல் வந்தவள் கஸ்தூரி. தூக்குவாளியை வரும் வழியிலேயே காலி செய்துவிடுவாள். தொடர்கதை என்றால் அவளுக்கு உயிர். படிக்கும்போது உதடு அசையும், தனக்குத்தானே சிரிப்பாள், சில நாள் மூக்கை உறிஞ்சுவாள். நான் துடைப்பத்தோடு பக்கத்தில் போனாலும் நிமிர மாட்டாள். மாமியார், இரண்டு பிள்ளைகள், புருஷன், தறி என்று நாளெல்லாம் யாராவது ஒருவர் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிற பொம்பளை. இங்கே மட்டும்தான் அவளை யாரும் கூப்பிடமாட்டார்கள். ஒரு நாள் அவளே சொன்னாள்: "இந்த நேரம் நான் எங்க கீறேன்னு ஒருத்தருக்கும் தெரியாதுக்கா. அதுவே சோறு துன்ன மாதிரி கீது."

கொரோனா முடிந்து லைப்ரரியைத் திறந்த பிறகு மேலே இருந்து ஒரு கம்ப்யூட்டர் வந்தது. அதன் நெற்றியில் ஒரு சின்னக் கண்ணாடிக் கண். எனக்கு அதைப் பார்த்ததுமே பிடிக்கவில்லை. மாலையில் கிளம்பும்போது தூசித் துணியை அதன்மேல் போட்டுவிட்டுத்தான் கதவைப் பூட்டுவேன்.

பிறகு சித்தூரில் டிரெயினிங். அட்டெண்டர்களும் வர வேண்டுமாம். ஏசி ஹாலில் போர்த்திக்கொள்ள ஒன்றும் இல்லாமல், கொடுத்த பஃப்பைக் கைக்குட்டையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, சுவரோரமாக உட்கார்ந்திருந்தேன். சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு என் மகள் வயதுகூட இருக்காது. தெலுங்கிலும் இங்கிலீஷிலும் மளமளவென்று சொன்னாள். இனிமேல் வருகிற ஒவ்வொருவர் பேரையும் ஃபோன் நம்பரையும் ஆப்பில் ஏற்ற வேண்டும், ஒரு நம்பருக்கு ஒரு ஆள்தான், அப்போதுதான் உங்கள் லைப்ரரிக்கு ஆள் வருகிறது என்பதற்கு ருசு. எங்கள் சார் சுண்டுவிரலை நீட்டிக்கொண்டு, சுடுகிற தோசைக்கல்லைத் தொடுவதுபோல மௌஸைத் தொட்டார். பழகுவதற்காக எல்லோரும் பக்கத்தில் இருந்தவர்களையே வாசகராகச் சேர்த்தார்கள். காணிப்பாக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் என் ஃபோனை வாங்கிப் பார்த்து என்னையும் சேர்த்துக்கொண்டார்.

அதன் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. வீட்டில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருப்பேன், ஃபோன் கிணுங்கும். எடுத்துப் பார்த்தால், காணிப்பாக்கம் லைப்ரரிக்கு வந்ததற்கு நன்றி என்று தெலுங்கில் இருக்கும். பெரியவர் இன்னும் பழகிக்கொண்டிருக்கிறார் போல. நான் அந்த ஊர்க் கோயில் பிள்ளையாரையே பார்த்து வருஷக்கணக்கு ஆகிறது!

மறுநாள் சாரிடம் காட்டினேன். "சார், யார் வந்தாலும் அவுங்க ஃபோனுக்கு இது போகுமா?"

"ஏம் காதம்மா," என்றார், ஒன்றும் ஆகாது என்று. "வெல்கம் மெசேஜ்தானே. மரியாதை அது."

மரியாதை என்று யாராவது அழுத்திச் சொன்னால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். கூச்சத்தில் மேலே கேட்கவில்லை. ஆனால் கஸ்தூரியைத் தனியாகக் கூப்பிட்டு, நம்பர் சொல்லாதே என்றேன். அவள் சிரித்தாள்.

"ரேசன்ல சொல்றோம், கேஸுக்குச் சொல்றோம், இதுக்கு இன்னாக்கா? நம்பர் சொல்லாதவங்களை உள்ள உடக்கூடாதுன்னு சார் சொல்றாரே."

"யார் நம்பரைச் சொல்லுவ?"

"அவருதுதான். எனக்கு வேற எந்த நம்பர் தெரியும்? அவரு மெசேஜெல்லாம் பாக்கமாட்டாருக்கா. சினிமாப் பாட்டுதான் பாப்பாரு."

புருஷன் நம்பரைக் கடகடவென்று ஒப்பித்தாள். சார் ஒவ்வொரு எண்ணாகத் தேடித் தேடித் தட்டினார். பச்சையாக ஒரு டிக் விழுந்தது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பரீட்சை பாஸான பிள்ளை மாதிரி இருந்தது. மற்றப் பெண்களும் புருஷன் நம்பர், மகன் நம்பர் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்கள்.

சில வாரங்கள் ஒன்றும் நடக்கவில்லை. நான்தான் தேவையில்லாமல் பயந்தேனோ என்றுகூட நினைத்தேன். பிறகு ஒரு நாள், தறிச் சத்தம் நின்ற கையோடு, கஸ்தூரியின் புருஷன் முனுசாமி ஃபோனை நீட்டிக்கொண்டு உள்ளே வந்தான். தாறுமாறான ஆள் இல்லை. கடைத்தெருவில் பார்த்தால் "நல்லா கீறீங்களாக்கா" என்று கேட்கிறவன்.

"சார், இது யாரு? தெனமும் மத்தியானமானா ஒரு மெசேஜ் வருது. தெலுங்கு எனக்குப் படிக்க வராது. இந்த மாதிரி வந்தா தொடாதே, காசை உருவிடுவானுங்கன்னு பேங்குல சொல்லிக் கீறாங்க. ஷெட்டு மொதலாளிகிட்ட காட்டினேன், என் பொண்டாட்டி பேரும் இந்த லைப்ரரி பேரும் போட்டுக் கீதுன்னு சொன்னாரு."

சார் பயந்துவிட்டார், பாவம். தான் ஏதும் தப்பாகத் தட்டவில்லை என்று காட்டிக்கொள்ளும் அவசரம் அவருக்கு. "மோசம் ஒண்ணும் இல்லைப்பா! உங்க மிஸஸ் தினமும் வர்றாங்க இல்ல, அதான். மன, அதான் நம்ம, ரெகுலர் ரீடர்!"

"தெனமுமா?" என்றான் முனுசாமி.

பின் அறையில் கஸ்தூரி எழுந்து நின்றுவிட்டாள். கையில் பத்திரிகை விரித்தபடியே இருந்தது. அவன் நேராக உள்ளே போனான். சத்தம் போடவில்லை. பெஞ்சைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான், மற்றப் பெண்களைப் பார்த்தான். எல்லோரும் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டார்கள்.

"இங்க இன்னா கீது?"

அவன் பத்திரிகையை வாங்கி முன்னும் பின்னும் புரட்டினான். எதையோ கண்டுபிடிக்கப் போகிறவன் மாதிரி ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தான். கதை, படம், வெண்டைக்காய்ப் பொரியல், ராசிபலன். அவள் படித்துக்கொண்டிருந்த பக்கத்துக்கே திரும்பி வந்தான்.

"இதுக்கா?"

"இதுக்குத்தான்," என்றாள் கஸ்தூரி.

அவன் முகத்திலிருந்து கோபம் போனது. சிரிப்பே வந்துவிட்டது அவனுக்கு. "இத்த படிக்க இவ்ளோ தூரம் ஓடி வரணுமா? சொல்லியிருந்தா நானே வாங்கியாந்து குடுத்திருப்பேனே. வா." சாரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு போனான். சார் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, நல்லபடியாக முடிந்தது என்றார்.

கஸ்தூரி அப்புறம் வரவில்லை. மற்றப் பெண்களும் ஒவ்வொருவராக நின்றார்கள். எந்த ஃபோனில் யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்களோ என்று அவர்களுக்குப் பயம். சாருக்கு அப்போதுதான் உறைத்தது. நல்ல மனுஷர். நம்பரை எடுத்துவிடலாம் என்று ஒரு மத்தியானம் முழுவதும் கம்ப்யூட்டரோடு மல்லுக்கு நின்றார். நம்பரை மாற்ற வேண்டுமானால் பழைய நம்பருக்கு ஒரு ஓடிபி வரும், அதைச் சொல்ல வேண்டும் என்றது அது. பழைய நம்பர் முனுசாமியின் கையில். டிரெயினிங் பெண்ணுக்கு ஃபோன் போட்டார். "கம்ப்ளைன்ட் போடுங்க சார், பார்க்கிறோம்" என்றாளாம். ஆள் வருகிறது என்று ருசு காட்ட வந்த மெஷின், பெஞ்சைக் காலி செய்துவிட்டு, பெண்கள் கணக்கில் பூஜ்யம் பூஜ்யம் என்று காட்டிக்கொண்டிருந்தது.

சந்தையில் ஒரு நாள் கஸ்தூரியைப் பார்த்தேன். வாரா வாரம் வாங்கிக் கொடுக்கிறானா என்று கேட்டேன்.

"தவறாம வாங்கியாறாருக்கா. அவரு எதிர்ல உக்காந்து படிக்கணும். எந்தப் பக்கம் படிக்கிறேன்னு கேக்கறாரு. சிரிச்சா இன்னாத்துக்கு சிரிச்சேன்னு கேக்கறாரு. அடுத்து இன்னா ஆவும்னு நான் சொல்லணுமாம்." கத்திரிக்காயை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தபடியே சொன்னாள். "நல்லவருதான்க்கா. இன்னான்னு குத்தம் சொல்றது?"

நான் ரிடையர் ஆன பிறகு அந்த ஆப்பே போய்விட்டதாம். சார் ஃபோனில் சொன்னார். இப்போது வேறு ஏதோ வந்திருக்கிறது, வருகிறவர்களிடம் நம்பர் கேட்பதில்லையாம். கேட்டதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வெயிலில் நடந்து ஷெட்டுக்கே போய், சாப்பாட்டு வேளையில் கஸ்தூரியை வெளியே கூப்பிட்டுச் சொன்னேன். இனிமேல் யாருக்கும் மெசேஜ் போகாது, பயப்படாமல் வா என்றேன்.

அவள் தலையிலிருந்த பஞ்சைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"போகாதுக்கா, தெரியுது. ஆனா இப்ப அவருக்குத் தெரிஞ்சு போச்சே. நான் ஷெட்டுல இல்லைன்னா லைப்ரரியிலதான் கீறேன்னு நேரா அங்க வருவாரு. நான் எங்க கீறேன்னு தெரியாத எடம் அது ஒண்ணுதானே இருந்துச்சு."

உள்ளே தறி ஓட ஆரம்பித்தது. அவள் போய்விட்டாள். அந்தப் பின் அறையில் இப்போது பழைய கம்ப்யூட்டர் பெட்டிகளைப் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

இதில் ஆப் சமாச்சாரங்களை எனக்குப் புரிந்த மட்டும் எழுதியிருக்கிறேன், தப்பிருக்கும். விஷயம் தெரிந்தவர்கள் சுதாகர் சாரிடம் கேட்டுத் திருத்திவிடுங்கள். கஸ்தூரி சொன்னதையும் சரியாகத்தான் எழுதியிருக்கிறேனா என்று யாராவது அவளைப் பார்த்துக் கேட்டால் நல்லது. நேரில் போய்க் கேளுங்கள், ஃபோனில் வேண்டாம்.