கன்னி மூலையில் வெயில் பிடித்த ஷமீமா

செவ்வாய்க்கிழமை காலை சாமி விளக்கை ஏற்றிவிட்டுத் திரும்பும்போது போன் அடித்தது. ஷமீமாவின் பெயர். மழைக்கு முன்னால் ஒருமுறை மாடிக்கு வந்து சோலார் சட்டத்தின் போல்ட்டுகளை முறுக்கிவிட்டுப் போகிறேன் என்று முந்தின நாள் சாயங்காலம்தான் சொல்லியிருந்தாள். "எப்ப வர்ற? அடை ஊத்தித் தரேன், வயித்தைக் காயப்போட்டுட்டு வா" என்று நானே பேச ஆரம்பித்துவிட்டேன்.

அந்தப் பக்கம் ஆண் குரல். "அக்கா, நான் அவ வீட்டுக்காரர் பேசறேன். ஷமீமா மவுத்தாயிட்டா. விடியக்காலைல நெஞ்சு வலிக்குதுன்னா. ஆஸ்பத்திரி வரைக்கும்கூடத் தாங்கல."

போனை வைத்த பிறகும் அடைக்கு ஊறப்போட்டிருந்த அரிசியைக் களைந்துகொண்டே இருந்தேன். என்னைவிடப் பத்து வயதாவது இளையவள். நேற்றுப் பேசியவள்.

இந்த ஊரில் இதைப் படிக்கிற உங்களில் பலருடைய மொட்டைமாடியில் அவள் ஏறியிருப்பாள். கட்டையான, கனத்த உடம்பு. புர்காவை இடுப்பில் செருகிக்கொண்டு, "ஏணிக்கு இன்சூரன்ஸ் எடுத்திருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஏறுவாள். சோலார் இன்ஜினியர் என்றால் யாரோ ஓர் ஆம்பிளை வருவார் என்று நான் எதிர்பார்த்துக் காத்திருந்தது அவளுக்குக் கடைசிவரை சிரிப்பு.

நாங்கள் கருவடிக்குப்பத்துக்காரர்கள். என் வீட்டுக்காரர் மில்லில் வேலை பார்த்தவர். அந்தப் பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி, இப்போது ஆக்ஸிஜன் மெஷின் இல்லாமல் அவரால் படுக்க முடியாது. கரண்ட் போனாலும் அது ஓட வேண்டுமென்றுதான் முதலில் வேறொருவரை வைத்து மாடியில் சோலார் தகடு போட்டோம். ஆனால் பேட்டரி முழுசாகச் சார்ஜ் ஏறவே இல்லை. ஒரு மழை நாளில் கரண்ட் போய் மெஷினும் நின்றது. சிலிண்டர் வந்து சேரும்வரை அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் தவித்ததை நான் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் ஷமீமா வந்தாள்.

வீட்டுச் செலவோடு கரண்ட் கணக்கும் தினம் எழுதுகிறவள் நான். மத்தியானத்துக்கு மேல் உற்பத்தி விழுந்துவிடுகிறது என்று காட்டினேன். "உங்க கணக்கைப் பாத்தா எங்க ஆடிட்டர் லீவு போட்டுடுவாருக்கா" என்றாள். மாடிக்குப் போய், சாயும் வெயிலில் தண்ணீர்த் தொட்டியின் நிழல் தகடுகளின் மேல் படர்வதைக் காட்டினாள். ஒன்றின் மேல் நிழல் விழுந்தாலே மற்றவையும் சோர்ந்துவிடுமாம்.

தொட்டியை நகர்த்தினால் போதும். நான் முடியாது என்றேன். அது இருப்பது தென்மேற்கில், கன்னி மூலையில். அங்கேதான் வீடு உயரமாகவும் பாரமாகவும் இருக்க வேண்டும் என்று சாஸ்திரம் பார்த்து வைத்தது. அதை இறக்கி, இவருக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால்?

என் பிள்ளையே என்னைத் திட்டினான். ஷமீமா திட்டவில்லை. தொட்டியைச் சுற்றி இரண்டு நடை நடந்தாள். "உசரமா இருக்கணும், பாரமா இருக்கணும். அவ்ளோதானேக்கா?"

"அவ்ளோதான்."

"அப்ப தகட்டைத் தொட்டிக்கு மேல ஏத்திடுவோம். நிழலும் விழாது, தண்ணியும் சுடாது. உங்க சாமி கேட்டதைவிட ஜாஸ்தியாவே உசரம் குடுக்கறேன்."

இரும்புச் சட்டம் அடித்து, தொட்டிக்கே கூரைபோலத் தகடுகளை ஏற்றினாள். தொட்டியைக் கழுவ ஆள் நுழைய வழியும் விட்டிருந்தாள். "வீட்டுக்காரங்க பயத்தையும் சேத்துத்தான்கா பிளான் போடணும். அதை விட்டுட்டா வீடு பாதிதான்" என்றாள்.

"காத்து தூக்கிட்டுப் போயிடாதா?" என்று இவர் கட்டிலில் இருந்தபடியே கேட்டார்.

"என்னைத் தூக்கற காத்து வந்தாத்தான் அண்ணே இதைத் தூக்கும்."

இவர் சிரித்து இருமி, நான் தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

அடுத்த புயலில் தெருவே இருண்டு கிடந்தபோது எங்கள் மெஷின் நிற்கவில்லை. அதுமுதல் மழை நாளென்றால் விடிந்ததும் அவள் போன் வந்துவிடும். "ஃபிரிட்ஜை அணைங்க. மிக்ஸி வேணாம், சட்னியை அம்மில அரைங்க. வானம் வெளுக்கற வரைக்கும் அண்ணனுக்கு மட்டும் ஓடட்டும்."

செவ்வாய்க்கிழமை அவள் முகத்தைப் பார்க்கப் போனேன். தூங்குகிறவள்போல இருந்தாள் என்று எழுத எனக்கு வரவில்லை. ஷமீமா அப்படிப் பேசாமல் படுத்திருந்து நான் பார்த்ததில்லை.

இவரிடம் கடைத்தெருவுக்கு என்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தேன். அதிர்ச்சியில் மூச்சு கெட்டுவிடுமே என்று பயம். திரும்பி வந்ததும், "அந்தப் பொண்ணு ஏன் இன்னும் வரல?" என்றார். எவ்வளவு நேரம் மறைப்பது? பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன்.

அவர் கை நீட்டி மெஷினின் சுவிட்சைத் தேடினார். "கொஞ்ச நேரம் நிறுத்து. அந்தப் பொண்ணு செத்துக் கிடக்குது, எனக்கு என்னத்துக்கு இது?"

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "வேணாங்க. இது நிக்கக் கூடாதுன்னுதான் அந்த உடம்பைத் தூக்கிக்கிட்டு அவ்ளோ உசரம் ஏறினா."

கையை எடுத்துக்கொண்டார். மூக்கில் குழாயோடு அவர் அழுதார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஷமீமா இல்லாத வீட்டில் அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தச் சத்தம்தான். அதற்கு நடுவே இவர் மூச்சு வருகிறதா என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வந்தது.