அட்டைப் புள்ளிகளில் அந்தமான்

2007 பிப்ரவரி, மாலை நான்கு மணி. அம்மாவுக்கும் எனக்கும் ஆரணியிலிருந்து சென்னைக்குப் பேருந்து, ஆளுக்கு நாற்பத்தைந்து ரூபாய். மறுநாள் காலை போர்ட்பிளேருக்கு விமானம். அதற்குக் கையிலிருந்து கொடுத்தது வரிப்பணம் மட்டும், ஆளுக்கு ஆயிரத்து எண்ணூறு. மிச்சத்தை என் கிரெடிட் கார்டு புள்ளிகள் பார்த்துக்கொண்டன. சென்னையில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து, தோழிகளின் துணிக்கடை பில்லைக்கூட என் கார்டில் தேய்த்து, அவர்களிடம் ரொக்கம் வாங்கிச் சேர்த்த புள்ளிகள் அவை. அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு, அவரும் அம்மாவும் போய்வரப் பரிசு என்று வைத்திருந்தேன். அதற்குள் அப்பா போய்விட்டார். மார்ச்சோடு புள்ளிகள் காலாவதி என்றது வங்கி. அப்பாவின் இடத்தில் நான் உட்கார்வது என்று பதிவு செய்துவிட்டேன்.

பக்கத்து வீட்டுச் சித்தப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "வருசம் திரும்பறதுக்குள்ள இன்னா அண்ணி ஊர் சுத்தறது? நாலு பேரு இன்னா பேசுவாங்க?" என்றார். பட்டு நூல் வாங்க மாதாமாதம் பெங்களூர் போகிறவர் அவர். அவர் கிளம்பும் நேரம் பார்த்து அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள், விதவை எதிரே வந்தால் ஆகாதாம். யாரும் சொல்லாமலே அம்மா அப்படிச் செய்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. கடைசி நேரத்தில் "நீ மட்டும் போ" என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்துகொண்டே இருந்தேன்.

அம்மா தறியில் இருந்த புடவையை முடித்து முதலாளியிடம் சேர்த்துவிட்டு வந்து பையைக் கட்டினாள்.

யார் ஊருக்குக் கிளம்பினாலும் நல்ல சகுனத்துக்கு வழக்கமாகச் சித்திதான் சுமங்கலியாக எதிரே வருவாள். அன்று அவள் கதவு திறக்கவில்லை. சகுனமாவது மண்ணாவது, வா என்றேன். அம்மா படி இறங்கவில்லை.

"இரு. ஆள் வருது."

தெருக்கோடியிலிருந்து நிறைகுடத்தோடு தனம் வந்தாள். எங்கள் தெருவில் நூல் சுற்றுகிறவள், அவளும் புருஷனை இழந்தவள். முந்தின நாளே அம்மா சொல்லி வைத்திருக்கிறாள். பாதி வழியில் தனம் நின்றுவிட்டாள்.

"பயமா கீதுக்கா. எதுனா ஆயிடுச்சினா?"

"ஆகவேண்டியது ஆயிடுச்சி தனம். இன்னும் இன்னா ஆவப்போவுது? நேரா வா."

தனம் வந்தாள். அம்மா அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே படி இறங்கினாள். தெரு முழுக்க ஜன்னலில் நின்று பார்த்தது. பார்க்கட்டும் என்று நானும் மெதுவாகவே நடந்தேன்.

விமான வாசலில் பணிப்பெண் கைகூப்பினாள். எதிரே வந்து கும்பிடுகிறார்களே என்று அம்மா என் காதில் கேட்டாள். இரண்டு மணி நேரமும் ஜன்னலை விட்டு முகத்தை எடுக்கவில்லை.

போர்ட்பிளேரில் முதல் நாள் காலை, கடற்கரைக்கு ஆட்டோ பிடித்தோம். ஏழு கிலோமீட்டர், எண்பது ரூபாய். ஓட்டுநர் ராமநாதபுரத்துக்காரர். அன்றைக்கு நாங்கள்தான் போணி என்றதும் அம்மா எடுத்த காலைக் கீழே வைத்து, தான் புருஷன் இல்லாதவள் என்று அவரிடமே சொன்னாள்.

"அதுக்காக வண்டி ஓடாதாம்மா? ஏறுங்க" என்றார் அவர்.

கடலில் முழங்கால் வரை இறங்கி நின்றபோது அம்மா அழுதாள். அப்பாவுக்கு நீச்சல் தெரியும் என்றாள். நானும் அழுதேன். பிறகு இருவரும் மீன் வறுவல் சாப்பிட்டோம்.

ஐந்தாம் நாள் காலை எட்டரைக்கு ஆரணி. எங்கள் தெருவில் திரும்பினால், கையில் பெட்டியோடு சித்தப்பா பெங்களூருக்குக் கிளம்பி வருகிறார். எங்களைக் கண்டதும் அவர் நடை தளர்ந்தது. அம்மா ஓரமாக ஒதுங்குவாள் என்று அவரும் எதிர்பார்த்தார், நானும்தான். அம்மா நடுத்தெருவில் நேராக நடந்தாள்.

"பெங்களூருக்கா தம்பி? நான்தான் எதிர்ல வந்துகினு கீறேன். நல்லபடியா போயிட்டு வாங்க."

திரும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புவதுதான் இதற்குப் பரிகாரம். சித்தப்பா வீட்டைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். பெங்களூருக்கு மாறிப்போக வேண்டிய வேலூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

"வரேன் அண்ணி" என்று சொல்லிவிட்டு நடந்தார். அம்மா தன் கதவை அகலத் திறந்துவைத்துவிட்டு, எதுவும் ஆகிவிடவில்லை என்று காட்டத் தனத்தைக் கூப்பிடப் போனாள்.