ஆடு தின்ற ஆப்பிள்

எங்கள் பக்கத்தில் ஒருவருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் போதும், பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஆப்பிளோடுதான் வருவார்கள். என் மனைவிக்கு வயிற்றில் ஆபரேஷன் முடிந்து புற்றுநோய்க்கான ஊசிகள் தொடங்கியபோது வீட்டில் ஆப்பிள் குவிந்துவிட்டது. எல்லாம் நல்ல சிவப்பு, மெழுகு பூசிய பளபளப்பு. அவள் ஒன்றைக் கடித்தாள், அப்படியே துப்பிவிட்டாள்.

"மாவைத் திங்க மாதிரி இருக்கு. எனக்குத்தான் எதுலயும் ருசி தெரிய மாட்டேங்குது, கடிக்கதாவது நறுக்குன்னு இருக்கக் கூடாதா?"

எடை இன்னும் குறைந்தால் அடுத்த ஊசியைத் தள்ளிப்போட வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். கோவில்பட்டியில் கடை கடையாக ஏறி இறங்கி, இருப்பதிலேயே சிவப்பான பழங்களாகப் பொறுக்கி வந்தேன். அதையும் அவள் தொடவில்லை. "அப்ப பட்டினி கெட, எனக்கென்ன!" என்று கத்திவிட்டு, வாசலில் போய் உட்கார்ந்து என்னையே திட்டிக்கொண்டேன்.

அவள் தம்பி தீப்பெட்டி லோடு ஏற்றி வடக்கே போகிற லாரி டிரைவர். அக்கா சாப்பிடவில்லை என்று கேள்விப்பட்டு, இமாச்சலத்திலிருந்து ஒரு சாக்கு ஆப்பிளோடு வந்து இறங்கினான். அவிழ்த்துப் பார்த்தேன். எலுமிச்சையைவிடக் கொஞ்சம் பெரிசு. கோணலும் மாணலுமாக, பாதி மஞ்சள், மேலெல்லாம் வடு.

"ஏலே, இதையாலே அம்புட்டுத் தூரத்துல இருந்து சுமந்துட்டு வந்த?"

"அத்தான், அது ஆலங்கட்டி மழை பட்ட வடு. மேட்டுத் தோட்டத்துப் பழம், ராத்திரிக் குளிர்ல கெட்டிப்பட்டது. சாதியே வேற. மரத்துலயே விளையவிட்டுப் பறிச்சிருக்காவ. நீங்க வாங்குதது மாசக்கணக்கா கோல்டு ஸ்டோரேஜ்ல கெடந்த பழம்."

நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவன் குளிக்கப் போனதும் நாலைந்தை அள்ளி, தொழுவில் கட்டியிருந்த ஆட்டுக்குப் போட்டேன்.

நறுக், நறுக்.

"ஏங்க," உள்ளே கட்டிலிலிருந்து அவள் குரல். "ஆடு என்ன திங்குது?"

"ஆப்பிளு. உன் தம்பி கொண்டாந்தது."

"ஆட்டுக்குக் குடுக்கீங்க, எனக்கு இல்லையா?"

எனக்குச் சுருக்கென்றது. ஒரே வெள்ளரி விதைதான்; குளத்தோரம் ஊன்றினால் ஒரு ருசி, வானம் பார்த்த கரிசலில் ஊன்றினால் ஒரு ருசி. அது தெரிந்த, மண்ணை உழுது பிழைக்கிற சம்சாரி நான், ஆப்பிளை மட்டும் நிறம் பார்த்து வாங்கியிருக்கிறேன். என் புத்தியை என்ன சொல்ல!

வடு அதிகமான ஒன்றையே எடுத்துக் கழுவிக் கொடுத்தேன். கடித்தாள். அந்தச் சத்தம் எனக்கே கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக மென்றாள்.

"புளிக்குதுங்க" என்றாள்.

புளிக்கிறதாம்! மூன்று வாரமாக உப்பு, உறைப்பு எதுவும் தெரியாமல் கிடந்தவள். நான் முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டேன். அவள் விதை மட்டும் மிஞ்சும்வரை தின்றுவிட்டுக் கையை நீட்டினாள்.

"இன்னொண்ணு தாங்க. மிச்சத்த ஆட்டுக்குப் போட்டுறாதீங்க."