கோட்டுப் படத்தில் ஒற்றைக்கால்

மும்பை மாட்டுங்காவில் நான் சமையல் வேலைக்குப் போகும் வீட்டு மாமி படம் வரைவார். ஆட்களுக்கு முகம் இருக்காது, விரல் இருக்காது. எல்லாம் கோடும் முக்கோணமும்தான். அன்று கூடத்தில் புதிதாக ஒன்றைச் சாய்த்து வைத்திருந்தார். கீழே தீப்பெட்டிகளை அடுக்கியதுபோல ஊர். உச்சியில், மூங்கில் சாரத்தில் கட்டட ஆட்கள். அவர்களில் ஒருவன் ஒரு காலை மடக்கி மறுகால் முட்டியில் ஊன்றி, கொக்குபோல நின்றான்.

என் வீட்டுக்காரர் அப்படித்தான் நிற்பார். தாராவியில் எங்கள் சந்துக் குழாயடியிலும் அப்படித்தான், பல் தேய்க்கும்போதும் அப்படித்தான்.

"இது எங்க பாத்தது மாமி?"

"செம்பூர்ல, பையன் ஆத்து பால்கனிலேர்ந்து. எதிர்ல பெரிய டவர் கட்டறா. ஏன் கேக்கறே?"

"சும்மாதான்."

என் வீட்டுக்காரருக்கும் செம்பூரில்தான் வேலை. கல்யாணில் சாரம் சரிந்து கூட்டாளி ஒருவர் செத்த பிறகு, இனி மேலே ஏறுவதில்லை என்று மகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தார். கீழ்த்தளத்தில் பூச்சு வேலை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் அவர் உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தேன். சிமெண்ட் அரித்த கையாக இல்லை. கயிறு அறுத்த கையாக இருந்தது.

"இது என்ன காயம்?"

"மூட்டை தூக்குனது. நீ என்னட்டி, போலீஸா?"

சிரித்தார். அந்தச் சிரிப்புதான் எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் மாமியிடம் லீவு சொல்லிவிட்டுச் செம்பூருக்குப் போனேன். வாட்ச்மேனிடம் இந்தியில் அவர் பெயரைச் சொன்னதும், அவன் அண்ணாந்து கையை நீட்டினான். வெயிலில் கண் கூசியது. ஆளா துணியா என்று தெரியாத அளவு சின்ன உருவம்; ஒரு காலை மடக்கி நின்றது. நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் குனிந்து பார்ப்பாரே என்று பயம். சாப்பாட்டு நேரம்வரை மணல் குவியலில் உட்கார்ந்திருந்தேன்.

இறங்கி வந்தவருக்கு என்னைக் கண்டதும் முகம் செத்துப்போயிற்று.

"ஏற மாட்டேன்னு பிள்ள தலையில அடிச்சீயளே?"

"சொன்னா நீ உறங்கவே மாட்ட. அதாம் சொல்லல." மெதுவாகச் சொன்னார்: "கீழ நின்னா எவன் எப்ப விழுவானோன்னு மேலேயே பாத்துக்கிட்டு கெடக்கேன். மேல போயிட்டா அந்தப் பயம் இல்லட்டி."

அவர் இடுப்பில் பாதுகாப்பு பெல்ட் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன். இருந்தது. கொக்கியையும் இழுத்துப் பார்த்தேன்.

இப்போதெல்லாம் எத்தனையாவது மாடி என்று கேட்டால் சொல்லிவிடுகிறார். ஆனால் அவர் பன்னிரண்டு என்றால், இருபதாக இருக்குமோ என்றுதான் என் புத்தி போகிறது.