கன்னிகாதானமும் ரப்பர் குழாயும்

திருவனந்தபுரத்தில் ஒருவருக்கு நம்மிடம் எவ்வளவு பிரியம் என்பதை, நாலு பேர் நடுவில் அவர் நம்மை எதைப் பற்றி விசாரிக்கிறார் என்பதிலிருந்து தெரிந்துகொள்ளலாம். எங்கள் தெருவுக்குப் பின்னால் தென்னந்தோப்பு வீட்டில் இருக்கும் நாயர் குட்டன் பிள்ளைக்கு என் வயதுதான், அறுபத்திரண்டு. காலையில் கோயில் வாசலில் என்னைக் கண்டால் பத்தடிக்கு அப்பாலிருந்தே கூவுவார்: "ஸ்வாமீ! ராத்திரி எத்தர தவண எழுந்நேற்று? எனிக்கு நாலு!" ராத்திரி எத்தனை முறை எழுந்தேன் என்று விசாரணை! பூக்காரி திரும்பிப் பார்ப்பாள். நான் மேல்துண்டுக்குள்ளிருந்து மூன்று விரலைக் காட்டிவிட்டு நடையைக் கட்டுவேன். திருநெல்வேலிப் பக்கம் என் சொந்த ஊரான கல்லிடைக்குறிச்சியில் இப்படிக் கேட்டிருந்தால் மானம் கப்பலேறியிருக்கும். அங்கே என் பெரியப்பா பத்து வருஷம் ராத்திரிக்கு நாலு முறை கொல்லைக்குப் போய்வந்தார். கேட்டால் "பூனையை விரட்டினேன்" என்பார். எங்கள் வீட்டுப் பக்கம் பூனையே கிடையாது. அவர் உபாதை என்ன என்று எனக்கு விளங்க, நானும் அந்த வயதுக்கு வர வேண்டியிருந்தது.

திருவிதாங்கூர் சர்க்கார் கச்சேரி உத்தியோகத்துக்காக முப்பத்தைந்து வருஷத்துக்கு முன் இங்கே வந்தவன், பென்ஷன் ஆகியும் ஊர் திரும்பவில்லை. எங்கள் வலியசாலை அக்கிரகாரத்து வீடுகள் ரயில் வண்டி நீளம். அவசரமாகக் கொல்லைக்கு ஓடிப் போய் நின்றால் வந்த காரியம் தொடங்காது. தொடங்கினால் நூல் நூலாக இழுக்கும். முடிந்தது என்று கூடத்துக்கு வந்தால் மறுபடியும் கூப்பிடும். குட்டன் பிள்ளைக்கோ வீட்டைச் சுற்றி நாற்பது தென்னை. அறுபது தாண்டிய ஆணுக்கு வேண்டியது பொன்னும் பொருளும் அல்ல, எட்டும் தூரத்தில் ஒரு தென்னை!

இந்த நிலைமையில்தான் என் கடைக்குட்டி கோமதிக்குத் திருநெல்வேலியில் வரன் அமைந்தது. பதினெட்டு வயசு, இண்டர்மீடியட் பாஸ். கல்யாணத்தில் தகப்பன் மணையில் அமர்ந்து பெண்ணை மடியில் உட்காரவைத்துத் தாரை வார்க்க வேண்டும். அரைமணிக்குக் குறையாது, நடுவில் எழக்கூடாது. எழுந்தால் என் தம்பி அந்த இடத்தில் உட்காருவான். அவன் நல்லவன்தான். ஆனாலும் என் பெண்ணை இன்னொருவன் மடியில் வைத்துக் கொடுப்பதா? அதை நினைத்தாலே எனக்கு அழுகை வந்தது. தானம் முடியும்வரை தகப்பனுக்கு உபவாசம் என்பது நம் வழக்கம். நான் அதற்கும் ஒரு படி மேலே போய், முகூர்த்தத்துக்கு மூன்று நாள் முன்பே தண்ணீரை நிறுத்தினேன். உள்ளே போகாதது வெளியே வராதே! போதாக்குறைக்கு அப்பியாசமும் செய்தேன். கோமதியின் எடைக்கு அரிசியை மூட்டையாகக் கட்டி, மத்தியானம் ஒரு மணி நேரம் மடியில் வைத்துக்கொண்டு, எவ்வளவு முட்டினாலும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

"நன்னாயிருக்கு! அடக்கறதுக்கும் ஒரு அப்பியாசமா? நான் பறஞ்சா என்னைக்குக் கேட்டிருக்கேள்?" என்றாள் என் மனைவி மீனாட்சி. அந்தச் சமயம் பார்த்து வாசலுக்கு வந்த குட்டன் பிள்ளை, மூட்டையையும் மூடிய கண்ணையும் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றிக் கைகூப்பி நின்றார். "ஸ்வாமிமாருடே விரதம், அல்லே?" நான் ஆமென்று தலையாட்டினேன். மறுநாள் அவர் ஒரு தேங்காய் கொண்டுவந்து மூட்டைக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுப் போனார்.

முகூர்த்தத்துக்கு முதல் நாள் காலையில் கொல்லையில் நின்றேன், நின்றேன், நின்றுகொண்டே இருந்தேன். ஒரு சொட்டு வரவில்லை. வயிறு கல்லாகிவிட்டது. வலியில் நான் போட்ட சத்தம் தென்னந்தோப்புவரை கேட்டிருக்கிறது. குட்டன் பிள்ளை வேலியைத் தாண்டி ஓடிவந்து, என்னை ஜட்காவில் ஏற்றி ஆஸ்பத்திரியில் இறக்கினார். மதராஸில் படித்த இளம் டாக்டர் ஒரு ரப்பர் குழாயைச் செலுத்தினார். அப்புறம் கிடைத்த ஆனந்தத்தை என்ன சொல்வேன்! கம்பவுண்டரின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், அழுதேன், ஊரில் எல்லோரையும் மன்னித்தேன்.

"பட்டினி கிடந்து மூடுகிற வழியில்லை சாமி இது," என்றார் டாக்டர். "மூத்திரப் பைக்குக் கீழே பிராஸ்டேட் என்று ஒரு சுரப்பி. வயசானால் பெருக்கும், வழியை நெருக்கும். வராமல் தடுக்க மருந்து இல்லை. மோசமாகாமல் பார்த்துக்கலாம். பகலில் தண்ணீர் குடிங்க, பொழுது சாய்ந்தால் குறைங்க, சாயங்காலக் காப்பி வேண்டாம். மலச்சிக்கல் ஆகாது. மூத்திரம் வந்தால் உடனே போகணும். போன பிறகு கொஞ்சம் நின்று இன்னொரு தடவை முயற்சி பண்ணுங்க. அடக்கினால் இதுதான் கதி. ரத்தம் கண்டாலும் அடைத்தாலும் ஓடி வரணும்." எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். கடைசியில், "குழாய் ரெண்டு நாள் இருக்கணும்" என்றார்.

"நாளைக்கு என் பெண்ணுக்குக் கல்யாணம்!" என்று அலறினேன்.

"உட்காரலாம். குழாய் மடங்காமல் ஒருத்தர் பார்த்துக்கணும்."

"ஞான் உண்டல்லோ," என்றார் குட்டன் பிள்ளை.

மறுநாள் மணையில் உட்கார்ந்தேன். கோமதி மெதுவாக என் மடியில் அமர்ந்தாள். குழாய் பஞ்சகச்சத்துக்குள் ஓடி, முதுகுப்புறம் ஒரு வெற்றிலைப் பைக்குள் இருந்த புட்டியில் முடிந்தது. பையை அணைத்தபடி குட்டன் பிள்ளை. வைதிகர்கள் நடுவில் நாயர் உட்காருவது இங்கே வழக்கமில்லை. சாஸ்திரிகள் முறைத்தார். "இவருக்குத் தலை சுத்தறது, பிடிச்சுக்க ஆள் வேணும்," என்று மீனாட்சி ஒரே போடாகப் போட்டாள். பிறகு அவள் மூக்கு வைத்த கிண்டியிலிருந்து நீரைத் தாரையாக விட்டாள். மந்திரம் உச்சத்துக்குப் போனபோது என் காதருகே ஒரு மகிழ்ச்சிக் குரல் எழுந்தது: "ஸ்வாமீ, போகுந்நுண்டு! நல்லோணம் போகுந்நுண்டு!" நன்றாகப் போகிறதாம். மடியில் கோமதி குலுங்கினாள். அழுகிறாள் என்று சம்பந்தி வீட்டார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவள் அடக்கமாட்டாமல் சிரித்தது எனக்குத்தான் தெரியும்.

தாரை வார்த்தாயிற்று. அவள் எழுந்தாள். மடி சட்டென்று காலியானது. நாளைக்குத் தம்பானூர் ஸ்டேஷனில் ரயிலேறி நம் ஊர்ப்பக்கம் போய்விடுவாள் என்று அப்போதுதான் உறைத்தது. என்னையறியாமல் அவள் பின்னாலேயே எழப் போனேன்.

"அனங்கல்லே ஸ்வாமீ!" அசையாதீர் என்று குட்டன் பிள்ளை குழாயின் மறுமுனையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். நான் திருநெல்வேலிக்குப் போகிற பெண்ணைப் பார்த்துக்கொண்டே, திருவிதாங்கூர் பிடித்த பிடியில் மணையிலேயே உட்கார்ந்தேன்.